நடுவில் கோடு போட்ட தாள்

கொல்லமேட்டில் ஒரு காகிதம் உண்மையானது என்பதற்கு அடையாளம், அதன் நடுவில் ஒரு கோடு இருப்பது. முத்திரையெல்லாம் அதற்கப்புறம்தான்.

சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் அது. வீட்டில் தமிழ், சந்தையில் பாதிக்குப் பாதி, ஆபீஸ் என்று போனால் முழுத் தெலுங்கு. கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தச் சனங்களின் கைக்கு முதன்முதலாக வீட்டு மனைப் பட்டா வந்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் தெருவில் ஒருவரும் இல்லை. கல்பனாவுக்கு அப்போது பதினோரு வயது. ஐந்தாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, ஆறாவதுக்குத் தெலுங்கு மீடியத்தில் போய் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த காலம். அப்பா நீட்டிய பட்டாவை வாங்கி, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் தெலுங்கை அப்படியே பார்த்து எழுதினாள். வலது பக்கம் அதையே தமிழில் எழுதினாள்.

அன்றைக்குப் பிடித்த வேலை, முப்பது வருடம் அவளை விடவில்லை. பென்ஷன் காகிதம், ரேஷன் கார்டு, ஊர் ஆபீசான சச்சிவாலயத்திலிருந்து வரும் நோட்டீசு, எதுவானாலும் "நடுவுல கோடு போட்டுக் குடு கல்பனா" என்று வந்து நிற்பார்கள். அவளும் உடம்பில் எத்தனை அலுப்பு இருந்தாலும் மறுக்காமல் எழுதிக் கொடுப்பாள். மறுநாள் வாசலில் ஒரு பிடி முருங்கைக்காயோ, ஒரு சொம்பு மோரோ இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தத் தாளைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். நெட்டுக்குத்தாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் முத்து முத்தாக எழுத்து. அது கல்பனா சொன்னது. கல்பனா சொன்னால் சரி.

திருப்பதியில் தங்கி பி.எட். முடித்து, டீச்சர் வேலைக்கான டிஎஸ்சி பரீட்சை எழுதி, ஊரிலிருந்து நாலு மைலில் இருக்கும் ஜில்லா பரிஷத் ஹைஸ்கூலில் சோஷியல் டீச்சராக வந்தாள். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, ஊரும் கேட்பதில்லை. தம்பி திருமலை குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். எடுத்ததும், "அக்கா, துன்னியா?" என்பான். அவளும், "துன்னேன். நீ துன்னியா?" என்பாள். அப்புறம்தான் மற்றது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், போனில் வரும் செய்திகளில் எது மெய் எது பொய் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க டீச்சர்களுக்குத் திருப்பதியில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். கல்பனா திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தங்கி, தினம் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் வந்தாள். அங்கே பெரிய திரையில் எல்லாம் காட்டினார்கள். அவள் பள்ளியில் திரையும் கிடையாது, பாதி நாள் கரண்டும் கிடையாது. தனக்குத் தெரிந்த வழியில் செய்வோம் என்று சார்ட்டு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

மூன்றே கேள்விகள் வைத்துக்கொண்டாள். யார் சொன்னது, அவரை உனக்குத் தெரியுமா? எப்போது சொன்னது? வேறு எங்கேயாவது அதையே சொல்லியிருக்கிறதா?

பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு ஒரே கொண்டாட்டம்.

"மேடம், எங்க நைனா தெனம் காலைல குட்மார்னிங்னு ரோசாப்பூ அனுப்புது. அது நெசமா, பொய்யா?"

"ரோசாப்பூ நெசம். உங்க நைனாவுக்குக் காலைல வேல இல்லன்றதும் நெசம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. லிங்க்கை இருபது பேருக்கு அனுப்பினால் தரிசன டிக்கெட் என்று வந்ததை ஒரு பையன் கொண்டுவந்து, மூன்று கேள்வியும் கேட்டு, அவனே "பொய்" என்று தீர்ப்புச் சொன்னான். கல்பனாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அதே வாரம் ஊர் குரூப்பில் தெலுங்கில் ஒரு செய்தி வந்தது. பாம்பு கடித்த இடம் வீங்கினால்தான் விஷம். வீக்கம் இல்லையென்றால் விஷம் ஏறவில்லை, மூன்று மணி நேரம் பொறுத்துப் பார்க்கவும், அவசரப்பட்டு ஊசி போட்டுக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்று. வேர்க்கடலை பிடுங்குகிற காலம். வயலெல்லாம் பாம்பு. இதைச் சும்மா விடக்கூடாது என்று நினைத்தாள். பெரிய அட்டையில் நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் அந்தச் செய்தியைத் தெலுங்கில் எழுதி, வலது பக்கம் தமிழில் எழுதினாள். ஓரத்தில் ஒரு பாம்பும் வரைந்தாள். அட்டையின் மேலே சிவப்புப் பட்டை அடித்து, இரண்டு பாஷையிலும் கொட்டை எழுத்தில் "இது பொய்" என்று எழுதினாள். அடியில் மூன்று கேள்விகள், அவற்றுக்குப் பதில், பாம்பு கடித்தால் வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி என்ற வரி. ஒன்பதாம் வகுப்புச் சுவரில் மாட்டி இரண்டு நாள் பாடம் நடத்தினாள்.

வெள்ளிக்கிழமை அதைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான்.

"இன்னாக்கா எழுத்து இது! அச்சு அடிச்ச மாதிரி கீது. ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டேன். எங்க அக்கா எழுத்துன்னு."

"உனக்கு வேற வேல இல்லியாடா?"

"இருக்கட்டும்க்கா. இங்க இருந்துகினு வேற எதப் பாத்து சந்தோசப்படறது?"

அவள் சிரித்துவிட்டு, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டாள். ஸ்டேட்டசைத் திறந்து பார்க்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். காலை பத்து மணிக்குப் பள்ளிக்குச் செய்தி வந்தது. ஒன்பதாவது படிக்கும் கன்னிகாவின் அம்மா செல்லியம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. விடியற்காலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன இடத்தில் கடித்தது. எட்டு மணிக்குக் கண் இமை தூக்க முடியாமல் போய், பேச்சுக் குழறின பிறகுதான் நூற்றெட்டு வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சித்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மூச்சு தானாக ஓடவில்லை என்று குழாய் வைத்துத் திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

செல்லியம்மா கல்பனாவுக்கு இரண்டு வீடு தள்ளி. சின்ன வயதில் ஒன்றாக ஏரிக்குத் துணி துவைக்கப் போனவர்கள். பள்ளி விட்டதும் கல்பனா பஸ் ஏறினாள். சந்திரகிரி தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கோட்டை மதில்மேல் கடைசி வெயில் விழுந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்லியம்மாவின் புருஷன் ரங்கன் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தான். நாலடி தள்ளி கன்னிகா நின்றிருந்தாள். அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கட்டுவிரியனாம் கல்பனா. அது கடிச்சா வீங்கவே வீங்காதாம். அப்பவே வந்திருந்தா இந்த அளவுக்கு ஆயிருக்காதுன்றாரு டாக்டரு." ரங்கன் மகளைக் கையால் காட்டினான். "இந்தா நிக்கிறாளே, இவளக் கேளு. நான் வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டேன். போவாத நைனா, வீக்கம் இல்ல, வெசம் இல்ல, போன்ல போட்டுகீதுன்றா. படிச்ச புள்ளயாச்சேன்னு நானும் நிறுத்திட்டேன். மூணு மணி நேரம்! மூணு மணி நேரம் பாத்துகினே ஒக்காந்திருந்தேன்."

கல்பனா அந்தப் பெண்ணைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனாள்.

"எங்க பாத்த கண்ணு அத?"

"போன்ல மேடம்."

"யார் அனுப்பினது?"

கன்னிகா சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினாள்.

மூன்று நாள் பயிற்சி, வகுப்பு, சார்ட்டு, எல்லாம் பாழாய்ப் போச்சே என்ற ஆற்றாமையில் கல்பனா குரலை உயர்த்தினாள். "கிளாஸ்ல தலபாடா அடிச்சிகினேனே கன்னிகா. மொதல் கேள்வி இன்னா? யார் சொன்னதுன்னு பாக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"பாத்தேன் மேடம்."

"பாத்தியா? பாத்துட்டுமா இப்படிப் பண்ண?"

கன்னிகா ஒரு நிமிஷம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "தப்புதான் மேடம்" என்றாள்.

மூன்றாம் நாள் செல்லியம்மா போய்விட்டாள்.

கொல்லமேடு பொல்லாத ஊர் இல்லை. ஆனாலும் துக்கம் நடந்தால் யார்மேலாவது அதை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது. குழாயடியில் கன்னிகா குடத்தோடு போனால், "சின்ன டாக்டரம்மா வருது, வழி வுடுங்க" என்றார்கள். ரங்கன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். சோறு போட்டால் தின்பான். தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போவான். அவள் பள்ளிக்கு வரவில்லை. அம்மா பார்த்த மாட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் ஸ்டாஃப் ரூமில் ஹெட்மாஸ்டர் வெங்கட் தன் போனை நீட்டினார். அவருக்குச் சொந்த ஊர் பலமனேர். தாய்மொழி தெலுங்கு, இவர்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும்.

"மேடம், எங்க பாவமரிதி, மச்சான், அனுப்பினான். இது உங்க எழுத்துதானே?"

கல்பனா பார்த்தாள். நடுவில் கோடு. இடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் தமிழ். ஓரத்தில் அவள் வரைந்த பாம்பு. மேலே சிவப்புப் பட்டை இல்லை. கீழே கேள்விகள் இல்லை. செய்தி மட்டும், அவள் கையெழுத்தில், தெளிவாக, அழகாக இருந்தது.

அவள் எழுந்து போய் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்தாள். சார்ட்டு வைத்துப் பாடம் நடத்திய இரண்டு நாளும் கன்னிகாவின் பெயருக்கு நேரே ஆப்செண்ட். பலமனேர்ப் பக்கம் அம்மாவோடு தக்காளி பறிக்கப் போயிருந்தாள். மூன்று கேள்விகளை அதற்கு முந்தின வகுப்பிலேயே கேட்டிருந்தாள், சார்ட்டை மட்டும் பார்க்கவில்லை. சுவரில் அந்தச் சார்ட்டு இருந்த இடத்தில், அவள் திரும்பி வந்தபோது, அடுத்த பாடத்தின் நதிப்படம் மாட்டியிருந்தது.

யார் சொன்னது? மேடம். அவரைத் தெரியுமா? தெரியும். வேறு எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? ஆம், இரண்டு பாஷையிலும்.

"பாத்தேன் மேடம்" என்று அந்தப் பெண் சொன்னது நிஜம்.

வெங்கட் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வதிலேயண்டி மேடம், விட்டுடுங்க. நீங்க பொய்னு எழுதித்தானே மாட்டினீங்க? வெட்டினது யாரோ. வெளிய சொன்னா டிபார்ட்மெண்ட் வரைக்கும் போவும். அந்தப் பொண்ணே ஒண்ணும் சொல்லலியே."

"அதான் சார்" என்றாள் கல்பனா. ரிஜிஸ்டரை மூடி வைத்தாள்.

அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டாள்.

"அந்த சார்ட்ட ஸ்டேட்டஸ்ல எப்படிடா போட்ட?"

"எப்படின்னா... பெருசு பண்ணிப் போட்டேன், உன் எழுத்து தெரியணும்ல. மேல கீழ கொஞ்சம் வெட்டிகினு போச்சி. ஏன்க்கா?" அவன் குரல் மாறியது. "யாராவது இன்னா சொன்னாங்க? செல்லியம்மாக்கா விசயம் கேட்டதுலேருந்து தூக்கமே இல்லக்கா. ஊர்லேருந்து போன் வந்தாலே பயமா கீது."

சொல்லத்தான் கூப்பிட்டாள். அங்கே ஆறு பேர் படுக்கும் அறையில், மேல்கட்டிலில், ஒருத்தரும் தோளில் கை வைக்க இல்லாமல் அவன் இதை எப்படித் தாங்குவான் என்று தோன்றியது.

"ஒண்ணுமில்லடா. சும்மா கேட்டேன். துன்னியா?"

பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அன்றைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம். பந்தலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்பனா சுருட்டிய சார்ட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் நின்றிருந்த கன்னிகா அதைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "வேணாம் மேடம்" என்றாள்.

"வேணும்" என்றாள் கல்பனா. ரங்கன் முன்னால் சார்ட்டை விரித்துப் போட்டு, அது சுருண்டுகொள்ளாமல் இரண்டு மூலையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கன்னிகா போன்ல பாத்தது இதான். நான் எழுதினது. அவ பாத்தது தப்பில்ல, என் எழுத்த நம்பினா. அவ்ளோதான்."

ரங்கன் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கு இரண்டு பாஷையும் படிக்க வராது.

"மேல செகப்புல இன்னா எழுதிகீது?"

"இது பொய்னு எழுதிகீது."

"போன்ல அது இல்லியா?"

"இல்ல. அது வெட்டிப் போச்சி."

"யார் வெட்டுனது?"

"என் கையிலேருந்து போனது ரங்கா. என்னைக் கேளு."

கன்னிகா படியிலிருந்து இறங்கி வந்தாள். திருமலை மாமா ஸ்டேட்டசிலிருந்துதான் அதை எடுத்துப் போனில் வைத்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

"பாம்பு கடிச்சப்பறம் அந்தப் படத்த அம்மாதான் நைனா மொதல்ல பாத்துது. நான் படிச்சிக் காட்டறதுக்குள்ள, நடுவுல கோடு கீதே, கல்பனா எழுதுனது, அப்ப சரிதான்னு சொல்லிட்டு கன்னுக்குட்டிய அவுக்கப் போயிடுச்சி. அப்பறம்தான் நான் உன்கிட்ட ஓடியாந்து சொன்னேன்."

பந்தலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஏம்மா இத்தினி நாளு சொல்லல?"

"மேடத்த ஊர்ல திட்டுவாங்க."

ரங்கன் எழுந்தான். மகளிடம் போய் அவள் தலையில் உள்ளங்கையை வைத்தான். பதினாறு நாளாக அழாத பெண், அந்தக் கைக்கு அடியிலேயே மடங்கி உட்கார்ந்து, அம்மா அம்மா என்று கத்தி அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கல்பனா சார்ட்டைச் சுருட்டினாள். சுருட்டி முடித்தும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள்.

வெகு நேரம் கழித்து ரங்கன் அவளைப் பார்த்தான்.

"சொல்லாம இருந்திருக்கலாம். வந்து சொன்ன. அது வேற." மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "இனிமே எங்க வூட்டுக் காயிதம் எதையும் நீ எழுத வேணாம் கல்பனா."

அதில் கோபம் இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

செல்லியம்மாவின் மரணச் சான்றிதழுக்கு அவன் சித்தூருக்குப் போய் டைப்பு கடையில் அர்ஜி எழுதி வாங்கினான். அப்புறம் மற்றவர்களும் மெல்ல மெல்ல அங்கேயே போகத் தொடங்கினார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, குவைத்தில் இருக்கும் தம்பி காதுக்கும் அதைக் கொண்டுபோகவில்லை. வழியில் பார்த்தால், "இன்னா கல்பனா, ஸ்கூல் வுட்டாச்சா?" என்று கேட்கத்தான் செய்தார்கள். வாசலில் முருங்கைக்காய் மட்டும் நின்றுபோயிற்று.

வகுப்பில் இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறாள். ஆனால் பொய்யான செய்தியை எங்கேயும் எழுதுவதில்லை. வாயால் சொல்லுவாள், பிள்ளைகள் பதில் சொல்லுவார்கள். மெய்யை மட்டும் போர்டில் எழுதுவாள். ஆப்செண்ட் ஆனவர்கள் வந்ததும் அவர்களைத் தனியாக உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லுவாள். அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று பிள்ளைகள் கேட்பதில்லை.

கன்னிகா ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பினாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாக வாய் திறக்கமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து கல்பனாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே படம், சிவப்பில்லாத அந்தப் படம். அடியில், "பலமனேர் மார்க்கெட் குரூப்ல வந்துகீது மேடம்" என்று இருந்தது. கல்பனா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு வாய்ஸ் மெசேஜ் அழுத்தி, முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும் பேசினாள். "இது என் எழுத்துதான். ஆனா இதுல கீறது பொய். மேல பொய்னு எழுதியிருந்தத வெட்டிட்டாங்க. பாம்பு கடிச்சா வீக்கம் பாக்காதீங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. இத நம்பி எங்க ஊர்ல ஒருத்தி செத்துட்டா." கன்னிகா அதை அந்தக் குரூப்பில் போடச் செய்தாள்.

அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அந்தப் படம் எங்கேயாவது தலைகாட்டும். ஒரு பால் சொசைட்டி குரூப்பில், ஒரு கல்யாண வீட்டுக் குரூப்பில். கன்னிகா எப்படியோ கண்டுபிடித்து அனுப்புவாள். வேறு ஒரு வார்த்தையும் இருக்காது. கல்பனா ஒவ்வொரு தரமும் புதிதாகப் பேசி அனுப்புவாள். பழைய பதிவையே அனுப்பலாம்தான். மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் வந்தது. குவைத்தில் இருக்கும் பெரியப்பா மகன் கன்னிகாவுக்கு அனுப்பியது. நம் பக்கத்து டிரைவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கும் குரூப். படத்துக்கு அடியில் யாரோ, "நம்ம ஊர் டீச்சர் எழுதினது, நம்பலாம். வீட்டுக்கு அனுப்பி வைங்க" என்று போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே கன்னிகா முதன்முறையாக இன்னொரு வரி எழுதியிருந்தாள். "இந்த குரூப்ல திருமலை மாமா கீறாரு. அங்கயும் பொய்னு சொல்லணுமா மேடம்?"

கல்பனா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நூற்றைம்பது பேர், நூற்றைம்பது வீடுகள். வைக்கோற்போர் இல்லாத வீடு அதில் எத்தனை இருக்கும்?

"சொல்லணும்" என்று எழுதி அனுப்பினாள். "ஒரு பத்து நிமிசம் பொறு."

பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். லீவு நாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா! நானே கூப்பிடலாம்னு இருந்தேன். துன்னியா?"

"துன்னேன்டா" என்றாள். "பக்கத்துல யாராவது கீறாங்களா?"

"ஏன்க்கா, இன்னா ஆச்சி?"

"யாரையாவது கூட ஒக்கார வெச்சிக்கோ" என்றாள் கல்பனா. "நீயும் ஒக்காரு. சொல்றேன்."